லடாக்கில் நிலமும் சரிவும் தண்ணீரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லடாக் பற்றிப் பேச்செடுத்தால் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. போய்வந்தவர்களும் அதையே கேட்கிறார்கள், படம் பார்த்தவர்களும் அதையே கேட்கிறார்கள். இவ்வளவு நிலம் கிடந்தும் வயல்கள் ஏன் இவ்வளவு சிறியவை? நதி ஓடியும் ஏன் தட்டுப்பாடு? கேட்டவர்களின் சொற்களிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். எளிதானவை முதலில், சிக்கலானவை பிறகு. பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் ஓடுகிறது: ஒரு துண்டு நிலத்துக்கு எந்த மாதத்தில், எந்த உயரத்திலிருந்து தண்ணீர் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தே அந்த நிலம் வயலாகிறது, மேய்ச்சலாகிறது, அல்லது கல்லாகவே கிடக்கிறது.

பாலைவனம் என்றால் வெயில் கொளுத்த வேண்டாமா? பனி கொட்டுகிற இடம் எப்படிப் பாலைவனம் ஆகும்?

பாலைவனத்துக்கு அளவுகோல் வறட்சிதான். லே நகரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையையும் பனியையும் தண்ணீராக்கிக் கூட்டினால் சுமார் 100 மில்லிமீட்டர்தான் தேறும். தென்மேற்குப் பருவக்காற்றின் ஈரத்தை இமயத்தின் பெருந்தொடர் தன் தெற்குச் சரிவிலேயே வாங்கிக்கொள்கிறது. தாண்டி வருவது பெரும்பாலும் வறண்ட காற்று. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்றுச் சலனங்கள் கொஞ்சம் பனி தருகின்றன. அதிலும் திராஸ், சுரு பள்ளத்தாக்கு போன்ற மேற்குப் பகுதிகளுக்கு நல்ல பங்கு கிடைக்கிறது, கிழக்கே போகப் போகக் குறைகிறது.

லே இருப்பது சுமார் 3,500 மீட்டர் உயரத்தில். குளிர்கால இரவுகளில் மைனஸ் 20 டிகிரி வரைக்கும் இறங்கும். ஆனால் காற்று மெலிந்திருப்பதால் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும், விழுந்த கொஞ்ச ஈரமும் சீக்கிரம் ஆவியாகிவிடும். வறட்சியும் குளிரும் ஒன்றாகச் சேர்ந்திருப்பதால்தான் இதைக் குளிர் பாலைவனம் என்கிறார்கள்.

மழையே கிடையாது என்றால் பாசனத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

மலையுச்சியிலிருந்து. பள்ளத்தாக்கில் பெய்யாத ஈரம் 5,000 மீட்டருக்கு மேலே பனியாகத் தங்குகிறது. அது இரண்டு தவணையாக இறங்குகிறது. குளிர்காலத்தில் விழுந்த பனி வசந்தத்தில் முதலில் கரையும். பல ஆண்டுகளாக உறைந்து கிடக்கும் பனிப்பாறைகள் கோடை உச்சத்தில்தான் உருகத் தொடங்கும். இவை தவிர, மண்ணுக்குள் இறங்கி வேறு இடத்தில் ஊறி வெளிவரும் ஊற்றுகளும் உண்டு. ஊற்று இருக்கிற ஊர் அதிர்ஷ்டக்கார ஊர். குளிர்காலத்திலும் குடிநீர் நிற்காது.

இந்த ஓடைகளுக்கு ஒரு நாள் கணக்கும் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகு உருகும் தண்ணீர் ஊரை வந்தடைய மாலையாகிவிடும். விடியற்காலையில் ஓடை மெலிந்திருக்கும், மாலையிலும் முன்னிரவிலும் பெருகும். இருட்டில் வயலுக்குப் பாய்ச்சுவது கடினம் என்பதால் இரவுத் தண்ணீரைத் தேக்கி வைக்க ஊருக்கு மேலே சிறு குளம் வெட்டியிருப்பார்கள். அதற்கு 'சிங்' என்று பெயர். காலையில் மடையைத் திறந்தால் ஓடைத் தண்ணீரோடு தேக்கியதும் சேர்ந்து, கடைசி வயல்வரை போகும் விசையோடு பாயும்.

விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை எல்லாம் விசிறி மாதிரி விரிந்திருக்கிறதே, அது ஏன் அந்த வடிவம்?

நல்ல கண் உங்களுக்கு. லடாக்கின் ஊர் அமைப்பைப் புரிந்துகொள்ள இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. பக்கவாட்டு மலையிலிருந்து ஓர் ஓடை செங்குத்தாக இறங்கி அகன்ற பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. நுழைந்ததும் சரிவு குறைகிறது, வேகம் தளர்கிறது, சுமந்து வந்த கல்லையும் மணலையும் வண்டலையும் போட்டுவிடுகிறது. போட்டதே தடையானதும் ஓடை பக்கத்தில் விலகி வேறு பாதை பிடிக்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இடமும் வலமும் அலைந்ததில் உருவானதுதான் வண்டல் விசிறி.

விசிறியின் தலைப்பக்கம் பெருங்கற்கள் கிடக்கும், தண்ணீர் விழுந்தால் உள்ளே இறங்கிவிடும். நடுப்பகுதியில் மண் கொஞ்சம் பொடியாகிறது. அடிவாரத்தில் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். மேலே இறங்கிய தண்ணீர் அங்கே ஊறி வெளிவந்து சதுப்பும் புல்வெளியும் ஆவதுண்டு. ஊர்க்காரர்கள் விசிறியின் தலையில் ஓடையைத் திருப்பி ஒரு தாய் வாய்க்கால் வெட்டுகிறார்கள். அதிலிருந்து கிளை வாய்க்கால்கள் இரு பக்கமும் இறங்குகின்றன. தண்ணீர் எட்டும் எல்லைவரை பச்சை, அதற்கு ஓர் அடி தள்ளி வெறும் கல். அந்தக் கோடு கத்தியால் வெட்டியது போல் தெரிவதற்குக் காரணம், தாய் வாய்க்கால் போகும் மட்டத்துக்கு மேலே தண்ணீரை ஏற்ற வழியில்லை என்பதுதான்.

சிந்து நதியே பக்கத்தில் ஓடுகிறது. அதை விட்டுவிட்டு ஏன் சின்ன ஓடையை நம்புகிறார்கள்?

லே ஊர் சுமார் 3,500 மீட்டரில் இருக்கிறது என்றேன். சிந்து அதற்குச் சுமார் 250 மீட்டர் கீழே ஓடுகிறது. பெரும்பாலான இடங்களில் நதி தன் படுகையை ஆழமாக அறுத்துக்கொண்டு போயிருக்கிறது, வயல் போடத்தக்க நிலம் மேலே திட்டுகளில் நிற்கிறது. மோட்டார் இல்லாத காலத்தில் கண்ணெதிரே ஓடும் நதி அந்தத் திட்டுகளுக்குப் பயன்படாது. பக்கத்து மலையின் ஓடையோ வயலுக்கு மேலிருந்து வருகிறது, கூலி கேட்காமல் தானாக இறங்குகிறது.

நதி நீரை வாய்க்காலாக எடுக்க வேண்டுமென்றால், பல கிலோமீட்டர் மேலே போய்த் திருப்பி, மலை அடிவாரத்தை ஒட்டி மட்டம் குறையாமல் கொண்டுவர வேண்டும். இகூ-ஃபே கால்வாய் அப்படிப்பட்ட முயற்சிதான். வெட்டுவது ஒரு பாடு, வண்டல் தூர்வாருவதும் சரிந்து விழும் கரையைக் காப்பதும் ஆண்டுதோறும் பாடு. ஷே, திக்சே பக்கம் பள்ளத்தாக்கு அகன்று, நதி சமதளத்தில் பரவி ஓடுவதால் அங்கே மட்டும் நதியை ஒட்டியே வயலும் புல்வெளியும் பார்க்கலாம். அங்கும் ஒரு சிக்கல் உண்டு. வடிகால் இல்லாத தாழ்ந்த இடங்களில் தண்ணீர் ஆவியாகி உப்பு மட்டும் மேலே படிகிறது. வெள்ளை பூத்த அந்தத் தரையில் முரட்டுப் புல்லைத் தவிர ஒன்றும் வராது.

இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறதே, ஏன் யாரும் எதுவும் செய்வதில்லை?

2019 அக்டோபர் 31-இல் தனி யூனியன் பிரதேசமான லடாக்கின் பரப்பு சுமார் 59,000 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,74,289. பயிர் செய்யும் நிலம் மொத்தப் பரப்பில் ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த எண்களைப் பார்த்ததும் மீதி எல்லாம் தரிசு என்று முடிவு செய்துவிடுகிறோம்.

அந்தச் 'சும்மா கிடக்கும்' சரிவுகளில்தான் பனி தங்கி ஓடைகளாகிறது. மேல் பள்ளத்தாக்குகளில் கோடை முழுக்க ஆடு, யாக், ஜோ மேய்கின்றன. ஜோ என்பது யாக்குக்கும் பசுவுக்கும் பிறக்கும் கலப்பு. விறகும் சாணமும் அங்கிருந்துதான் வருகின்றன. சாணம்தான் அடுப்புக்கு எரிபொருள். பனிச்சிறுத்தை உலவும் ஹெமிஸ் தேசியப் பூங்காவும் இந்த நிலம்தான். வறண்ட காற்றும் உயரமும் இருட்டும் சேர்ந்த ஹன்லேயில், சுமார் 4,500 மீட்டரில், இந்திய வானியல் ஆய்வகம் நிற்கிறது. பயிர் வராத நிலத்துக்கும் வேலை இருக்கிறது. பட்டாவில் அது தெரியாது, அவ்வளவுதான்.

ஜூலையில் போனோம், ஓடைகளில் தண்ணீர் பாய்ந்து ஓடுகிறது. அப்புறம் என்ன தட்டுப்பாடு?

நீங்கள் ஜூலையில் போனீர்கள். விவசாயி தண்ணீர் கேட்பது ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும். அங்கே பயிர்க்காலம் குறுகியது. விதைப்பு தள்ளிப்போனால் கதிர் முற்றும் முன்பே இலையுதிர்காலத்தின் உறைபனி வந்துவிடும். ஆகவே மே மாதத்தில் நிலத்தை நனைத்து உழுது விதைத்தே ஆக வேண்டும். ஆனால் இரண்டாவது கேள்வியில் சொன்ன இரண்டு தவணையை நினைத்துப் பாருங்கள். மே மாதத்தில் கைக்கு வருவது முந்தைய குளிர்காலப் பனியின் கரைசல் மட்டும். பனி குறைந்த ஆண்டில் அதுவும் வற்றிப் போகும். பனிப்பாறையின் பெருந்தண்ணீர் வருவதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும்.

ஆகவே ஆண்டு மொத்தத்தில் போதிய தண்ணீர் ஓடினாலும் ஊர் வறட்சியில் இருக்க முடியும். ஒரு ஊரின் வயல் பரப்பை நிர்ணயிப்பது ஜூலை வெள்ளம் இல்லை, மே மாதத்தின் மெல்லிய ஓடைதான். திட்டம் போடுகிறவர்கள் ஆண்டுச் சராசரியை மட்டும் பார்த்துக் கணக்குப் போடும்போது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கும். அந்தச் சராசரியை நம்பி விதைக்க முடியாது.

மலையின் திசையும் இதில் விளையாடுகிறது. தெற்கு பார்த்த சரிவில் பனி சீக்கிரம் கரையும், நிலமும் சீக்கிரம் இளகும். வடக்கு பார்த்த சரிவில் பனி தாமதமாகக் கரையும், ஆனால் நீண்ட நாள் தண்ணீர் தரும். எதிரெதிரே இருக்கும் இரண்டு ஊர்களின் விதைப்பு நாள்கூட ஒன்றாக இராது.

யாருக்கு எப்போது தண்ணீர் என்று யார் முடிவு செய்வது? சண்டை வராதா?

வரும். அதனால்தான் முறை வைத்திருக்கிறார்கள். ஊர் தேர்ந்தெடுக்கும் நீர் மேற்பார்வையாளருக்கு 'சுர்பொன்' என்று பெயர். நம் பக்கத்துக் கண்மாய்களில் நீர்க்கட்டி செய்த வேலையை அங்கே அவர் செய்கிறார். எந்த மடை எப்போது திறக்கும், எந்த வீட்டு வயலுக்கு எவ்வளவு நேரம் என்பதெல்லாம் அவர் கையில். தண்ணீர் நிறைய இருக்கும் நாட்களில் அவருக்கு வேலை குறைவு. தட்டுப்பாடு வந்தால்தான் முறை கறாராகும்.

ஊருக்கு ஊர் நடக்கும் பங்கீடு இன்னும் நுட்பமானது. ஒரே ஓடையை மேலும் கீழும் இருக்கும் பல ஊர்கள் பகிர்ந்துகொள்கின்றன. தலைமடைக்காரர் கை ஓங்கியிருப்பது எங்கும் உள்ளதுதான். 1908-இல், ஜம்மு-காஷ்மீரையும் லடாக்கையும் ஆண்ட டோக்ரா மன்னர்களின் நிலத்தீர்வையின்போது, ஊர்களின் பாசன வழக்கங்களை 'ரிவாஜ்-இ-ஆப்பாஷி' என்ற பதிவேட்டில் எழுதி வைத்தார்கள். ஊர்களுக்கிடையே வழக்கு வந்தால் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஒரு காகிதம் இன்னும் செல்லுபடியாவதற்குக் காரணம், புதிய சட்டம் எழுதினாலும் ஓடையின் மட்டமும் வயலின் மட்டமும் மாறவில்லை என்பதே.

சகோதரர்கள் எல்லோரும் ஒரே பெண்ணை மணப்பார்களாமே, அதற்கும் நிலத்துக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. தண்ணீர் எட்டும் நிலம் பெருகப்போவதில்லை, ஆகவே அதைத் துண்டாக்கக் கூடாது என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. சொத்து மூத்தவருக்குப் போகும், இளையவர்களில் சிலர் அதே குடும்பத்தில் தங்குவார்கள், ஒருவர் பௌத்த மடத்துக்குப் போவார். வீடும் வயலும் தண்ணீர்ப் பங்கும் பிரியாமல் அடுத்த தலைமுறைக்குப் போகும். 1941-இல் சட்டம் இந்தத் திருமண முறையைத் தடை செய்தது. பிறகு சொத்து பிரியத் தொடங்கியது. நிலம் பிரியும்போது தண்ணீர் முறையும் பிரிகிறது. ஒரு வீட்டின் நேரத்தை மூன்று வீடு பங்கிட வேண்டிவருகிறது.

வீடு, மடம் எல்லாம் பாறை மேலேயே கட்டியிருக்கிறார்களே, பாதுகாப்புக்காகவா?

பாதுகாப்பும் ஒரு காரணம். கோட்டைகளுக்கு அதுவே முதல் காரணம். ஆனால் சாதாரண வீடுகளும் வாய்க்காலுக்கு மேலே, தண்ணீர் எட்டாத கல் தரையில் நெருக்கியடித்து நிற்பதைக் கவனியுங்கள். நீர் பாயும் ஒவ்வொரு சாணும் வயலுக்கு வேண்டும். வீட்டுக்குத் தண்ணீர் குடத்தில் வரலாம், பயிருக்கு வர முடியாது. தவிர, வெயில் படும் மேட்டில் குளிர் கொஞ்சம் குறைவு, வெள்ளம் வரும் தடத்திலிருந்தும் விலகி நிற்கலாம். புதிய கட்டடங்கள் வயலுக்குள் இறங்கி வந்திருப்பது சாலைக்கும் சுற்றுலாவுக்கும் பிறகுதான்.

என்னதான் விளைகிறது? ஒரே ஒரு போகம்தானா?

உயரம்தான் சொல்லும். சிந்து இறங்கிப் போகும் ஷாம் பகுதியிலும் நுப்ராவின் தாழ்ந்த ஊர்களிலும் சூடு கொஞ்சம் கூடுதல். அங்கே பார்லியை அறுத்துவிட்டு நெளிகோதுமையோ (பக்வீட்) டர்னிப்போ இரண்டாவதாகப் போடும் ஊர்கள் உண்டு. பாதாமி மரங்களும் அங்கேதான் செழிக்கின்றன. லே பக்கம் பார்லி, கோதுமை, பட்டாணி, கடுகு என ஒரே போகம். இன்னும் மேலே போனால் பார்லி மட்டும். சோ மோரிரி ஏரிக் கரையில், சுமார் 4,500 மீட்டரில் இருக்கும் கோர்சோக்கிலும் சிறு பார்லி வயல்கள் இருக்கின்றன. அதற்கு மேல் கலப்பைக்கு வேலையில்லை.

மரமே இல்லாத ஊரில் கூரைக்குக் கட்டை எங்கிருந்து வருகிறது? நிறைய மரம் நட்டால் மழை வராதா?

கட்டை வாய்க்கால் கரையிலிருந்து வருகிறது. பாப்லர் மரம் நேராக ஓங்கி உத்தரமாகும், வில்லோவின் கிளைகள் அதன்மேல் பரப்பக் கிடைக்கும். இவை காட்டு மரங்கள் இல்லை. வீட்டுக்காரர் நட்டுத் தண்ணீர் விட்டு வளர்த்தவை.

மரம் நட்டால் மழை வரும் என்ற நம்பிக்கை இங்கே செல்லாது. மழையைத் தடுப்பது மலைத்தொடர். ஒவ்வொரு புது மரமும் அதே மே மாத ஓடையிலிருந்துதான் குடிக்கும். நதிக்கரை மணலில் தானாக வளரும் முள்செடியான கடல் பக்தார்ன் பரவாயில்லை. வேரில் நைட்ரஜனை நிலைநிறுத்தும், கரையைப் பிடிக்கும், பழத்துக்கும் விலை உண்டு. ஆனால் திட்டு நிலத்தில் காடு வளர்க்கிறேன் என்று கிளம்புகிறவர்களிடம், எந்த வாய்க்காலில் யாருடைய பங்கிலிருந்து தண்ணீர் எடுப்பீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

சாங்தாங்கில் விவசாயமே இல்லை என்கிறார்கள். அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள்?

லடாக்கின் கிழக்கே நிலம் உயர்ந்து அகன்ற சமவெளியாகிறது. பெரும்பகுதி 4,500 மீட்டரை ஒட்டியும் மேலேயும் இருக்கும் அந்தப் பரப்பு சாங்தாங். கோர்சோக் போன்ற ஓரிரு இடங்களைத் தவிர அங்கே பயிர் வைக்க முடியாது, ஆகவே மனிதர்கள் விலங்குகளோடு தண்ணீரையும் புல்லையும் தேடிப் போகிறார்கள். சாங்பா மேய்ப்பர்கள் ஆடு, செம்மறி, யாக் மந்தைகளுடன் ஆண்டுக்குப் பலமுறை இடம் மாறுகிறார்கள். பஷ்மினா இழை தரும் வெள்ளாடு இங்கேதான் வளர்கிறது. கடுங்குளிரில் அதன் தோலை ஒட்டி முளைக்கும் மென்மயிர்தான் அந்த இழை. குளிர் இல்லாவிட்டால் பஷ்மினா இல்லை.

இடம் மாறுவது மனம்போன போக்கில் நடப்பதில்லை. ஒவ்வொரு குழுவுக்கும் தன் மேய்ச்சல் எல்லை உண்டு. குளிர்காலத்துக்கென்று சில வெளிகளைக் கோடையில் தொடாமல் காப்பாற்றுகிறார்கள். காற்று பனியை அடித்துக்கொண்டு போய்விடும் இடங்கள் அவை. பனி மூடாததால் விலங்குகள் காய்ந்த புல்லையாவது மேய முடியும். அந்த வெளியைக் கோடையில் பார்க்கிறவருக்கு யாரும் பயன்படுத்தாத நிலமாகத் தெரியும். 1962 போருக்குப் பிறகு எல்லையை ஒட்டிய மேய்ச்சல் நிலங்கள் சில கைவிட்டுப் போனதால், மிச்சமுள்ள வெளிகளின் மேல் பாரம் கூடிவிட்டது.

பாங்காங் ஏரியில் அவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, குழாய் போட்டு எடுக்கக் கூடாதா?

உப்புத் தண்ணீர். பாங்காங்குக்கு இப்போது வெளியேறும் வழி இல்லை. முன்னொரு காலத்தில் ஷியோக் நதிக்கு வடிந்துகொண்டிருந்தது, பிறகு தடைபட்டது. வரும் ஓடைகள் சிறிதளவு உப்பைக் கொண்டுவரும், வெளியேறுவது ஆவி மட்டும், உப்பு தங்கிவிடும். சோ கர் ஏரியில் இது இன்னும் தீவிரம். சாங்பாக்கள் முன்பு அங்கிருந்து உப்பை அள்ளி தானியத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஏரிக்குள் வரும் நன்னீர் ஓடைகளின் முகத்துவாரச் சதுப்புதான் மந்தைக்கும், கருங்கழுத்துக் கொக்குக்கும் பயன்படும் இடம்.

செயற்கைப் பனிப்பாறை என்று செய்தியில் வருகிறதே, உண்மையிலேயே வேலை செய்கிறதா?

மே மாதச் சிக்கலுக்கு நேரடியாகக் கை வைப்பது என்பதால் அது நல்ல யோசனை. குளிர்காலத்தில் யாருக்கும் வேண்டாமல் ஓடி நதியில் கலக்கும் தண்ணீரை, ஊருக்குப் பக்கத்தில், இயற்கைப் பனிப்பாறையைவிடத் தாழ்ந்த மட்டத்தில் உறைய வைக்கிறார்கள். தாழ்வாக இருப்பதால் அது முந்தியே உருகி விதைப்புக்குக் கிடைக்கிறது. பொறியாளர் செவாங் நோர்பெல் 1980களின் கடைசியிலிருந்து நிழல் விழும் பள்ளங்களில் கல் தடுப்புகள் கட்டி, ஓடையின் வேகத்தைத் தணித்து, அடுக்கடுக்காக உறைய வைத்தார். 2015-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. லடாக்கின் பொறியாளரும் கல்வியாளருமான சோனம் வாங்சுக் 2013-14 குளிர்காலத்தில் பனி ஸ்தூபியைத் தொடங்கினார். மேலிருந்து குழாயில் இறங்கும் தண்ணீர் தன் அழுத்தத்திலேயே பீய்ச்சி, காற்றில் உறைந்து கூம்பாகும். கூம்புக்குள் நிறைய பனி அடங்கும், வெயில் படும் பரப்பு குறைவு. அதனால் நிழல் இல்லாத இடத்திலும் நிற்கிறது.

வரம்பும் உண்டு. நோர்பெல் முறைக்கு நிழலும் ஏற்ற சரிவும் வேண்டும், வெள்ளத்தில் தடுப்புகள் உடையும். ஸ்தூபியில் குழாய் உறைந்து வெடிக்காமல் இரவு பகலாகப் பார்க்க ஆள் வேண்டும். இரண்டுமே தண்ணீரை உண்டாக்குவதில்லை, ஜனவரித் தண்ணீரை மே மாதத்துக்கு நகர்த்துகின்றன. நகர்த்துவது மேலூர் என்றால் கீழூருக்கு ஒரு கேள்வி எழும். அதற்கு விடை 1908 பதிவேட்டில் இல்லை, ஏனென்றால் குளிர்காலத் தண்ணீருக்கு அன்று யாரும் பங்கு கேட்கவில்லை.

100 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடத்தில் வெள்ளம் எப்படி வரும்?

வண்டல் விசிறிகள் உருவானதே வெள்ளத்தால்தான். சரிவில் வேர் பிடித்த மண் இல்லை, எல்லாம் உதிரி. கொஞ்ச நேரம் கொட்டினாலும் தண்ணீர் உள்ளே இறங்காமல் கல்லையும் சேற்றையும் இழுத்துக்கொண்டு இறங்கும். 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டி லே பகுதியில் அதுதான் நடந்தது. மேகவெடிப்பால் வந்த சேற்று வெள்ளத்தில் 200-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். லேக்குப் பக்கத்திலுள்ள சோக்லம்சர் மிக மோசமாக அடிபட்டது.

பழைய வீடுகள் எங்கே நின்றன என்று முன்பே சொன்னேன். பாதிக்கப்பட்டவற்றில் பல, பிற்காலத்தில் விசிறியின் காய்ந்த ஓடைத் தடங்களில் எழுந்த குடியிருப்புகள். காய்ந்த தடம் மலிவு, சாலைக்குப் பக்கம், வெளியூரிலிருந்து வந்தவருக்கு வேறு இடம் கிடைப்பதும் இல்லை. அவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. தடத்தை மனையாகப் பிரிக்க அனுமதித்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஆழ்துளைக் கிணறு போட்டால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

லேயில் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். 2022-இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் லடாக் போனார்கள். விடுதிகளில் குழாயும் ஃபிளஷ் கழிப்பறையும் எதிர்பார்க்கிறார்கள். ஊர் வீடுகளில் தண்ணீரே தேவைப்படாத உலர் கழிப்பறை இருந்தது. மண்ணைத் தூவிவிட்டால் போதும், வசந்தத்தில் அது வயலுக்கு எருவாகும். அது போய் ஃபிளஷ் வந்ததில் தண்ணீரும் போயிற்று, எருவும் போயிற்று.

நிலத்தடி நீர் தனிக் கணக்கு இல்லை. விசிறியின் தலையில் இறங்குவதுதான் அடிவாரத்தில் ஊற்றாக வருகிறது. நடுவில் கிணறு போட்டு உறிஞ்சினால் கீழே ஊற்றும் சதுப்பும் இளைக்கும். கழிவுக் குழிகளின் நீரும் அதே கல் மண்ணுக்குள்ளேதான் இறங்குகிறது. சிந்து கரையில் எடுத்துப் பல படிகளில் மேலே ஏற்றும் தண்ணீரும் லேக்கு வருகிறது. அந்த 250 மீட்டர் ஏற்றத்துக்கு மின்சாரம் செலவாகிறது என்பதை மறக்கக் கூடாது.

பனிப்பாறை வேகமாக உருகினால் தண்ணீர் அதிகம்தானே வரும்? நல்லதுதானே?

பெரிய பனிப்பாறை இருக்கும் பள்ளத்தாக்கில் கொஞ்ச காலம் அப்படித்தான் இருக்கும். சேமிப்பைச் செலவு செய்யும்போது கையில் காசு புழங்கும். ஆனால் பனிப்பாறை சுருங்கி ஓர் அளவுக்குக் கீழே போனதும் தண்ணீர் குறையத் தொடங்கும். கூடுதலாக வரும் தண்ணீரும் கோடை உச்சத்தில்தான் வரும், மே மாதத்தில் இல்லை.

சிறிய பனித்திட்டை மட்டும் நம்பியிருந்த ஊர்களுக்கு அந்த இடைக்கால வசதிகூட இல்லை. சன்ஸ்காரில் குமிக் என்ற ஊர், மேலேயிருந்த பனி குறைந்து ஓடை வற்றியதால், கீழே புது இடத்துக்கு மாற முடிவெடுத்தது. வீடும் வயலும் வாய்க்காலும் எல்லாவற்றையும் கல் தரையில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் மட்டம் மாறினால் ஊரும் மாறத்தான் வேண்டியிருக்கிறது.

வெயில் இருக்கிறது, வெட்டவெளி இருக்கிறது. சூரிய மின்சக்திக்கு இதைவிட நல்ல இடம் உண்டா?

மெலிந்த காற்று, மேகமற்ற வானம், குளிர். தகடுகளுக்கு மிக ஏற்ற இடம்தான். 13 ஜிகாவாட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தை வெளியே கொண்டுபோகும் மின்பாதைக்கு மத்திய அமைச்சரவை 2023-இல் ஒப்புதல் தந்தது. நிலம் பார்த்திருப்பது பாங் பக்கத்து உயர் சமவெளியில்.

ஆனால் அங்கே சமதளமாக இருக்கும் வெளி மேய்ப்பர்களுக்கும் அதே காரணத்துக்காகத்தான் வேண்டும். சாங்தாங் பற்றிய கேள்வியில் சொன்ன குளிர்கால மேய்ச்சலை மீண்டும் பாருங்கள். பரப்பில் ஒரு சிறு பங்கு போனால் என்ன என்று கேட்கலாம். அந்தச் சிறு பங்கு பிப்ரவரியில் மந்தையைக் காப்பாற்றும் பங்கு என்றால், மீதி முழுதும் இருந்தும் பயனில்லை. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எந்த வெளி, எந்த மாதத்தில், யாருக்கு என்று மேய்ப்பர்களோடு உட்கார்ந்து வரைந்த வரைபடம் முதலில் வேண்டும், வேலி அதற்கு அப்புறம்தான்.

இளைஞர்கள் விவசாயத்தை விட்டுவிட்டார்கள். அப்படியானால் தண்ணீர் மிச்சமாகுமே, சிக்கலே தீர்ந்ததல்லவா?

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ரேஷன் அரிசியும் கோதுமையும் வந்த பிறகு, ராணுவத்திலும் சுற்றுலாவிலும் சம்பளம் கிடைத்த பிறகு, பல வீடுகள் தூரத்து வயல்களை விட்டுவிட்டன. ஆனால் தாய் வாய்க்கால் தனி ஒருவர் சொத்து இல்லை. ஒவ்வொரு வசந்தத்திலும் எல்லா வீடுகளும் ஆள் அனுப்பித் தூர்வாரினால்தான் தண்ணீர் கடைமடைவரை போகும். பாதி வீடு வராவிட்டால் மீதிப் பாதி வீட்டுக்கு வேலை இரட்டிப்பாகிறது, ஒரு கட்டத்தில் அவர்களும் கைவிடுகிறார்கள்.

வாய்க்கால் நின்றால் கரையில் நின்ற பாப்லரும் வில்லோவும் காய்கின்றன, அடுக்கு வயலின் கல் தடுப்பு சரிகிறது, கால்நடைக்குத் தீவனமான லூசர்ன் புல் போகிறது. வாய்க்காலிலும் வயலிலும் கசிந்து இறங்கிய தண்ணீர்தான் விசிறியின் அடியில் ஊற்றுக்கு ஊட்டமாக இருந்தது, அதுவும் குறைகிறது. மிச்சமானது என்று நினைத்த தண்ணீர் ஓடையிலேயே நேராக இறங்கி, 250 மீட்டர் கீழே சிந்துவில் சேர்ந்துவிடுகிறது. திரும்ப வேண்டுமென்றால் மோட்டார் வைத்துத்தான் ஏற்ற வேண்டும்.